ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டீர்கள்

நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே, கல் பெஞ்சில் சாயங்காலம் கூடும் உங்கள் மூன்று பேருக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் குளியலறையில் நான் வழுக்கி விழுந்தது உங்களுக்குத் தெரியும். காலை ஏழு மணியிலிருந்து பகல் பதினொன்றரை வரை ஈரத் தரையில் கிடந்ததும், பேரன் வந்து சாவி போட்டுத் திறந்து பார்த்ததும் தெரியும். ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்த நீங்கள் மாற்றி மாற்றி ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். பக்கத்து வீட்டம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"அக்கா, நடுவுல ஒரு சுவருதானே இருக்கு. நான் ரேடியோ கேட்டுக்கிட்டு சும்மாத்தானே உக்காந்திருந்தேன். ஒரு குரல் குடுத்திருந்தா ஓடி வந்திருப்பேன் லா. ஏன் கூப்பிடலை?"

"மயக்கமா இருந்துச்சு" என்றேன். அது பொய். மயக்கம் ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டம்மா, உங்கள் ரேடியோவில் ஓடிய அத்தனையும் எனக்குக் கேட்டது. செய்தி கேட்டேன், இரண்டு பழைய பாட்டு கேட்டேன், நீங்கள் சமையலறையில் எதையோ கீழே போட்டுவிட்டு உங்களையே திட்டிக்கொண்டதும் கேட்டது. இடுப்பு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கூப்பிடலாம் என்ற நினைப்பு வரத்தான் செய்தது. ஆனால் அது எனக்கு ஆகிற காரியம் என்று தோன்றவில்லை.

டீச்சரம்மா, நீங்கள் என்னை வீம்பு பிடித்தவள் என்றீர்கள். பாசிர் ரிஸ் கிராமத்து அக்கா, நீங்கள் "கம்பத்துல இருந்தப்ப நான் ஒரு கோழி காணாம போனாலே ஊரைக் கூட்டுவேன்" என்று பெருமை அடித்துக்கொண்டீர்கள். வீம்பு எனக்குக் கிடையாது. நேரில் சொல்ல வாய் வராது என்பதால் நோட்டுப் புத்தகத்தில் எழுதித் தருகிறேன். படித்துவிட்டு பெஞ்சில் மறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள்.

எனக்கு அப்போது ஏழு வயது. இந்த இருபதாம் நூற்றாண்டும் அப்போது சின்னப் பிள்ளைதான். அப்பா சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில் மாட்டுக் கொட்டில் வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் பிறந்த வருஷமே கப்பலேறியவர், அதனால் அவர் முகமே எனக்குத் தெரியாது. ஒருவழியாக எங்களை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அம்மாவும் நானும் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம்.

கப்பலில் யாருக்கோ அம்மை போட்டுவிட்டது. சிங்கப்பூர் கரை கண்ணுக்குத் தெரியும்போதே எங்களை ஒரு தீவில் இறக்கி, நோய் இல்லை என்று தீரும்வரை அங்கேயே வைத்துவிட்டார்கள். மூன்றாம் நாள் என் முதுகில் நாலைந்து கொப்புளம் கண்டது. அம்மாவின் கையிலிருந்து என்னைப் பிரித்து வேறு கொட்டகைக்குத் தூக்கிப்போனார்கள். போகும்போது அம்மா என் கையில் ஒரு பித்தளை டம்ளரைத் திணித்தாள். அது மட்டும்தான் என்னோடு வந்தது.

அந்தக் கொட்டகையின் வாசனை இன்றைக்கும் எனக்கு மூக்கில் இருக்கிறது. தரை கழுவும் மருந்து, உப்புக் காற்று, வெந்த கஞ்சி மூன்றும் கலந்த வாசனை. நீளமாகப் பலகைக் கட்டில்கள். கட்டில்களில் இருந்த பெண்கள் எல்லாரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். அவரவர் காய்ச்சல் அவரவருக்கு. என் கட்டிலுக்கு மேலே கம்பி போட்ட ஒரு ஜன்னல் இருந்தது. ஏறி நின்றால் தென்னை மரங்களும், அதற்கப்பால் முள்வேலியும் தெரியும். ஆள் யாரும் தெரியாது.

முதல் நாள் தொண்டை கட்டும்வரை "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். இரண்டாம் நாள் குரல் எழும்பவில்லை, டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். மூன்றாம் நாளும் தட்டினேன். மருந்து கொடுக்க வருகிற டிரெஸ்ஸர் நம் ஆள்தான், தமிழர். நல்ல மனுஷன் என்றே இன்றும் சொல்வேன். கஞ்சியில் எனக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை போடுவார்.

"கத்தாதே பாப்பா. உங்கம்மா இருக்கிற இடம் ரொம்பத் தூரம். நீ என்ன தட்டினாலும் அங்கே கேக்காது."

நாலாம் நாள், மற்றவர்கள் தூங்க வேண்டும் என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு விரல் முட்டியால் பலகையைத் தட்டினேன். ஐந்தாம் நாள் சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. தென்னைமரத்துக்கு நடுவே வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலில் ஏறி நின்று கூப்பிட வாயைத் திறந்தேன். திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டு இறங்கிப் படுத்துவிட்டேன். அழுகை வரவில்லை. வலியும் இல்லை. எதுவுமே இல்லை. என் வாழ்க்கையிலேயே நான் மிகவும் தனியாக இருந்தது அந்தச் சாயங்காலம்தான், அதற்குப் பிறகு வந்த தனிமையெல்லாம் அதற்கு இளையதுதான்.

டிரெஸ்ஸர் வந்து என் தலையைத் தடவினார். "சமத்து. பழகிடுச்சு" என்றார்.

கொப்புளம் ஒன்றுமில்லாத கொப்புளம். காய்ந்து உதிர்ந்துவிட்டது. இரண்டு வாரம் கழித்து என்னை அம்மாவிடம் விட்டார்கள். அம்மா விழுந்தடித்து ஓடிவந்து கட்டிக்கொண்டாள். நான் கையிரண்டையும் தொங்கவிட்டுக்கொண்டு நின்றேன். டம்ளரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் அப்பா நின்றிருந்தார். முகம் தெரியாத மனுஷன் தூக்கினால் எந்தப் பிள்ளையும் வீரிடும். நான் சும்மா இருந்தேன். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கொட்டில் வரை வழியெல்லாம் "என் பொண்ணு அழவே அழாது" என்று பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

சிராங்கூன் ரோடு என்றால் இன்றைக்கு நகைக்கடையும் புடவைக்கடையும்தான் உங்கள் கண்ணுக்கு வரும். அப்போது அது மாடுகளின் ரோடு. அத்தாப்பு ஓலை வேய்ந்த கொட்டில்கள், எருமை கிடக்கும் குட்டைகள், எண்ணெய்ச் செக்கிலிருந்து வரும் பிண்ணாக்கு வாடை, அன்னாசிப் பழம் வேகவைக்கும் இடத்திலிருந்து காற்றில் வரும் புளித்த இனிப்பு. வெயில் ஏறியதும் மாட்டுவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ரோட்டில் தெளித்துப் போவார்கள், தூசி அடங்க. அந்த ஈர மண் வாசனை எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் பசு என் கால் விரலில் மிதித்துக்கொண்டு நின்றுவிட்டது. நான் அசையாமல் நின்றேன். அப்பா பாத்திரம் கழுவிவிட்டுத் திரும்பி வரும்வரை நின்றேன். விரல் நகம் கறுத்துப்போய் உதிர்ந்தது. அப்பா இதை பிண்ணாக்குக் கடை பாயிடம் வீரக்கதை போலச் சொன்னார். பாய்க்குச் சிரிப்பு வரவில்லை.

"புள்ளைன்னா அழுவணும்ங்க. அழுவாத புள்ளையப் பாத்தா எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

"உங்க வீட்டுல ஒம்பது புள்ளை, பாய். அழுகைச் சத்தம் இல்லைன்னா உங்களுக்குத் தூக்கமே வராது" என்று அப்பா கேலி செய்தார். பேச்சு அதோடு போயிற்று. நான் நினைத்துப் பார்க்கிறேன், அந்த ரோட்டில் என்னைச் சரியாகப் பார்த்தது அந்த ஒரு மனுஷர்தான்.

இனி கன்றுக்குட்டியின் கதை. அப்போதெல்லாம் பாலில் தண்ணீர் கலந்துவிடுவான் என்று யாரும் பால்காரனை நம்ப மாட்டார்கள். மாட்டையும் கன்றையும் வாடிக்கை வீட்டு வாசலுக்கே ஓட்டிப்போய், அவர்கள் கண்முன்னால் கறந்து கொடுக்க வேண்டும். முதலில் கன்றை ஊட்டவிட வேண்டும். அது நாலு இழுப்பு இழுத்தால்தான் பசு பாலைச் சுரக்கும். சுரந்ததும் கன்றை இழுத்துக் கட்டிவிட்டுக் கறப்பார்கள். கடைசியில் மடியில் கொஞ்சம் கன்றுக்கு விடுவது வழக்கம்.

குதிரைப் பந்தயத் திடல் பக்கம் ஒரு பெரிய பங்களா வீடு புதிதாக வாடிக்கைக்கு வந்தது. அவர்களுக்கு நிறையப் பால் வேண்டும். அப்பா கன்றுக்கு விடுவதை நிறுத்தினார். தேங்காய் நார்க் கயிற்றில் பின்னிய ஒரு வாய்க்கூட்டை அதன் முகத்தில் மாட்டிவிட்டார். கூட்டின் முன்னால் முள் வைத்திருக்கும். கன்று மடிக்கு வந்தால் முள் பசுவைக் குத்தும், பசு உதைக்கும். கறக்கும்போதும் கூட்டைக் கழற்றவில்லை. பசுவின் முகத்துக்கு நேரே கன்றை நிறுத்தி, நக்கவிட்டு, அந்தப் பாசத்திலேயே கறந்தார். கன்றுக்கு மூங்கில் குழாயில் கஞ்சி.

சில நாள் கன்று முட்டி முட்டிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் சொந்தத் தாயிடமே உதை வாங்கியது. கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கத்தியது. ஒரு வாரத்தில் கத்தல் நின்றது. அதன் பிறகு மடிப்பக்கமே திரும்பாமல் ரோட்டைப் பார்த்துத் தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

அப்பா கையைத் துடைத்துக்கொண்டே, "பழகிடுச்சு" என்றார். கொட்டில் மூலையில் உட்கார்ந்திருந்த எனக்கு அந்தச் சொல் தெரிந்த சொல்லாக இருந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். பசு பாலை அடக்கிக்கொள்ள ஆரம்பித்தது. வெறுமனே கன்றை நக்கவிடுவதற்கு அது ஏமாறத் தயாராக இல்லை. பங்களா வீட்டு வாசலில் அரைமணி நேரம் கையால் நீவியும் பாத்திரத்தின் அடி மறையவில்லை. அப்பா பயந்துபோனார். வீட்டுக்கு வந்ததும் வாய்க்கூட்டைக் கழற்றிக் கன்றை மடிக்குக் கொண்டுபோனார். காம்பு அதன் உதட்டில் படுகிறது. கன்று வாயைத் திறக்கவில்லை. பிடித்து அழுத்தித் திறந்து பாலைப் பீச்சினார். கடைவாய் வழியாக வழிந்து கீழே போயிற்று. கூடு இல்லை, முள் இல்லை, பசுவும் உதைக்கவில்லை, ஆனாலும் அது அப்படியே நின்றது. விலா எலும்பு எண்ணுகிற மாதிரி ஆகிவிட்டது.

"சீக்குப் பிடிச்ச கன்னு. வெள்ளிக்கிழமை ஆள் வருது, குடுத்துடலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். பசுவையும் அடுத்த வாரம் வேறு கொட்டிலில் கொடுத்து, கன்றோடு ஒரு மாடு மாற்றிக்கொள்ள ஏற்பாடு.

மத்தியானம் எல்லாரும் படுத்திருக்கிற நேரம் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. நான் கன்றின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அதற்கு எதுவும் செய்ய வேண்டும் என்று போகவில்லை. பேசாத பிள்ளைக்கு அது பேசாத துணை, அவ்வளவுதான். கஞ்சியில் விரலை நனைத்து அதன் உதட்டில் வைத்தேன். முதல் நாள் ஒன்றும் இல்லை. மறுநாள் மூக்கால் முகர்ந்தது. அதற்கடுத்த நாள் நக்கியது, சொரசொரவென்று. வியாழக்கிழமை மத்தியானம் என் இரண்டு விரலையும் வாய்க்குள் இழுத்துச் சப்பியது. நான் விரலை அப்படியே வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நகர்ந்து, பசுவின் மடிவரைக்கும் அதைக் கூட்டிப்போய், விரல் இருந்த இடத்தில் காம்பைக் கொடுத்தேன்.

குடித்தது. வாலை ஆட்டிக்கொண்டு, மடியை முட்டி முட்டிக் குடித்தது. வாயோரம் நுரை கட்டியது. பசு தலையைத் திருப்பி அதன் முதுகை நக்கியது. பார்த்தது நான் ஒருத்திதான்.

எனக்குத் தெரியும், அப்பாவிடம் சொன்னால் போதும். சொன்னால் கன்று இருக்கும், பாலும் வரும், எல்லாம் சரியாகும். ஏழு வயதுப் பிள்ளைக்கு இது தெரியாதா? அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், அவள் பக்கத்தில் போய் நின்றேன். "பசிக்குதாடி?" என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆள் வந்தான். கையில் கயிறு. அப்பா கன்றை அவிழ்த்தார். நான் கொட்டில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். அப்பா என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அதுவரை அவர் என்னிடம் அப்படி உட்கார்ந்து பேசியதில்லை.

"என்ன பாப்பா? ஏதாச்சும் சொல்லணுமா?"

பாருங்கள், அவர் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. "அது குடிச்சுதுப்பா." இந்த இரண்டு சொல்தான். நாக்கு நுனியில் நின்றது. தீவில் ஜன்னலில் ஏறி வாயைத் திறந்தேனே, அதே மாதிரி திறந்தேன். அதே மாதிரி மூடிக்கொண்டேன். இல்லை என்று தலையாட்டினேன்.

அப்பா எழுந்து, வந்தவனிடம், "பாத்தீங்களா, வேற புள்ளையா இருந்தா கன்னைக் குடுக்காதேன்னு கத்திக் கூப்பாடு போட்டிருக்கும்" என்றார். என்னிடம், அது உட்லண்ட்ஸ் கரைக்குப் போய், தோணியில் ஜொகூருக்குப் போய், அங்கே தோட்டத்தில் புல் மேயப் போகிறது என்றார். எலும்பும் தோலுமான காளைக்கன்றை அவ்வளவு தூரம் யார் கொண்டுபோவார்கள் என்று எனக்கு வளர்ந்த பிறகுதான் உறைத்தது. கன்று முரண்டு பிடிக்காமல் அவன் பின்னால் போயிற்று. தண்ணீர் வண்டி அப்போதுதான் போயிருந்தது. ஈர ரோட்டில் அதன் குளம்புத் தடம் வரிசையாகத் தெரிந்தது. வெயிலில் அது காய்கிறவரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பசு மூன்று நாள் கத்தியது. நான் அதன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாம் நாள் அதுவும் நிறுத்திவிட்டது. அப்பா என்ன சொன்னார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம். எனக்கு முதல் பையன் பிறந்து, அம்மா வீட்டில் இருந்தேன். பிள்ளை சிணுங்கினாலே அம்மா கையிலிருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவருவாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"விடும்மா. ரெண்டு நாள் அழட்டும், பழகிடும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். உள்ளே போய்ப் பெட்டியை உருட்டி, அடியிலிருந்து எதையோ துணியில் சுற்றி எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள். அந்தப் பித்தளை டம்ளர். விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது, ஜன்னல் கம்பியில் தட்டித் தட்டி.

"இனிமே அந்தச் சொல்லைச் சொல்லாதே" என்றாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள். "கேட்டுச்சுடி. நீ கூப்பிட்டதெல்லாம் கேட்டுச்சு. தென்னை மரத்துக்கு அந்தப் பக்கம், உன் கண்ணுல படாம வேலியோரமாத்தான் உக்காந்திருந்தேன்."

"கேட்டுச்சுன்னா ஏம்மா பதில் குடுக்கலை?"

"பதில் குடுத்தா இன்னும் கத்தும், காய்ச்சல் ஏறிடும்னாரு அந்த டிரெஸ்ஸர். கேக்காத மாதிரி இருந்தா பழகிடும்னாரு. முந்தானைய வாயில அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒரு நாள் சத்தம் நின்னு போச்சு. நீ போயிட்டேன்னே நெனச்சேன். ரெண்டு நாள் கழிச்சு இதைக் கொண்டாந்து குடுத்து, புள்ளை சமத்தாயிடுச்சும்மான்னாரு. அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன்டி நான்."

அவளுக்குக் கேட்டது என்று தெரிந்ததும் என் வாய் திறந்திருக்க வேண்டும், கதையென்றால் அப்படித்தான் இருக்கும். திறக்கவில்லை. கல்யாணம், நாலு பிள்ளைகள், ஜப்பான்காரன் காலம், கணவர் போனது எல்லாம் ஆயிற்று. யாரிடமும் எதுவும் கேட்காதவள் என்று எனக்கு நல்ல பெயர். மகன் வாரம் தவறாமல் போன் பண்ணி, "ஏதாச்சும் வேணுமாம்மா?" என்கிறான். ஒன்றும் வேண்டாம் என்கிறேன். அவன் என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான் என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றும். ஆஸ்பத்திரியில் என்னை விசாரித்த சின்னப் பெண் இதற்கெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு பெயர் இருக்கிறது என்றாள். எனக்கு வாயில் நுழையவில்லை. பெயர் இருக்கிறதென்றால் என்னைப்போல் வேறு ஆட்களும் இருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்தது.

அன்றைக்கு ஈரத் தரையில் கிடந்தபோது அந்தக் கன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நாலே நாளில் குடித்தது. அதற்கு வேண்டியிருந்தது, திரும்பத் திரும்ப வந்து உட்கார ஒரு ஆள்.

அதனால் பக்கத்து வீட்டம்மா, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இதை எழுதவே எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. நாளைக் காலை உங்கள் ரேடியோவில் செய்தி முடிந்ததும், அந்த டம்ளரால் சுவரில் தட்டுவேன். முடிந்தால் வாயாலும் கூப்பிடுவேன். பயந்து ஓடிவர வேண்டாம், விழுந்திருக்க மாட்டேன். கையில் இருக்கிற வேலையைக்கூட விட வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே, கேட்டது என்று சொல்லுங்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.